வாலபிக்கு ரொட்டி வேண்டாம், அம்மணி

அம்மணி,

நேற்று போனில் பேரன் என்னிடம் ரகசியமாக ஒரு சங்கதி சொன்னான். தினமும் ரொட்டி ஓரத்தைத் தின்னாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கிறானாம், அப்புச்சி ஊருக்கு வந்ததும் கங்காரு ஜாதி வாலபிக்குக் கையாலேயே ஊட்டப் போகிறானாம். "அம்மா சின்னப் பிள்ளையா இருக்கும்போது நீங்களும் அம்மாவும் ஊட்டுவீங்களாமே, அது வந்து விரலைப் பிடிச்சுக்குமாமே" என்று ஒரே குதியாட்டம். சிரித்துக்கொண்டே சரிடா சாமி என்று போனை வைத்துவிட்டேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. உன் அம்மாவுக்கு நைட் டியூட்டி, பேச்சுக்கும் ஆள் இல்லை, எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், எழுதினால் கடைசிவரை படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

விஷயம் இதுதான். ஜூலையில் வரும்போது அந்த டப்பா வேண்டாம். பையனுக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் அழுவான், அவன் அழுதால் நான் கொடுக்கச் சொல்லிவிடுவேன். நான் ஊட்டுவதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகிறது. ஏன் நிறுத்தினேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், என் சுபாவம்தான் உனக்குத் தெரியுமே.

2005ல் நாம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வந்தபோது உனக்கு 12 வயசு. காங்கயத்திலிருந்து கிளம்பி, அடிலெய்டுக்கு 1500 கிலோமீட்டர், டார்வினுக்கும் 1500 கிலோமீட்டர் என்று ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் வந்து விழுந்தோம். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலை, எனக்கு டாக்ஸி. உனக்கு மட்டும் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னோடு யாரும் பேசவில்லை என்று இரண்டு மாசம் சாயங்காலமானால் அழுதாய். உன்னை என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஒருநாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஹெவிட்ரீ கேப் பக்கம் போனேன்.

பேரனுக்கு அந்த இடத்தை எப்படி விளக்குவது என்று யோசித்துப் பார்த்தேன். நம் சிவன்மலையைப் பிடித்து கிழக்கு மேற்காக 600 கிலோமீட்டருக்கு இழுத்துவிட்டால் அதுதான் மெக்டொனல் மலைத்தொடர். சுவர் மாதிரி நிற்கும் அந்த மலையில் ஓர் இடத்தில் மட்டும் அறுத்துவிட்ட மாதிரி ஒரு வாய். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கும் டாட் ஆறு, நெடுஞ்சாலை, ரயில் பாதை மூன்றும் அந்த ஒரே வாயில்தான் நுழைந்தாக வேண்டும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரண்டா மக்கள் அதை ந்தாரிபா என்பார்கள். டவுனுக்கு அவர்கள் பேர் ம்பார்ன்ட்வா. ஏர்போர்ட் சவாரி எதுவாக இருந்தாலும் அந்த வாயைத் தாண்டித்தான் போகணும், அதனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அதன் வழியாகப் போய் வருவேன்.

அந்தப் பக்கத்தில் ஓர் இடத்தில் வாலபிக்கென்று தீனிப் பொட்டலம் காசுக்குக் கொடுப்பார்கள், டூரிஸ்டுகள் வாங்கிப் போடுவார்கள். அன்றைக்கு என்னிடம் சில்லறை இல்லை, டிபன் டப்பாவில் மிச்சமிருந்த ரொட்டியைக் கொடுத்தேன். நீ பாறைமேல் உட்கார்ந்து கையை நீட்டினாய். ஒன்று இறங்கி வந்தது. குதித்து வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பாறையில் தண்ணீர் வழிகிற மாதிரி வந்தது. முன்கை இரண்டாலும் உன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு ரொட்டியைக் கடித்தது. சில்லென்று இருக்கிறது அப்பா என்றாய். அந்த ஊரில் நீ சிரித்ததை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் எனக்கு ரொட்டி வாங்காமல் இருக்க முடியுமா சொல்லு. ஐந்து வருஷம் ஊட்டினோம். டாஷ்போர்டில் எப்போதும் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருக்கும்.

இடது காதில் கிழிசல் இருந்த ஒரு பெட்டை, அதற்கு நீ கிழிகாதி என்று பேர் வைத்தாயே, ஞாபகம் இருக்கும்.

அப்போதெல்லாம் அதைக் குட்டிக் கங்காரு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது வளர்ந்தாலும் அவ்வளவுதான். கறுப்புக்கால் பாறை வாலபி என்று பேர். எடை மூன்று கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை, கொழுத்த பூனை அளவு. கன்னத்தில் வெள்ளைக் கோடு, முதுகில் நடு வகிடு எடுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு, விலாவிலும் கறுப்பு, வால் மட்டும் உடம்பு நீளத்துக்கு. தரையில் ஓடும் கங்காருவுக்குப் பின்காலில் நீளமான நகம் இருக்கும், மண்ணைக் குத்தித் தாவ. இதற்கு நகம் குட்டை, சதையைத் தாண்டி வெளியே தெரியாது. உள்ளங்கால் டயர் மாதிரி சொரசொரப்பு, ஓரத்தில் விறைப்பான முடி. அதனால்தான் செங்குத்துப் பாறையில் பல்லி மாதிரி ஏறுகிறது, அந்தரத்தில் திரும்பும்போது வாலை வீசிச் சமாளித்துக்கொள்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது ஒரு வெள்ளைக்காரம்மா. அடிபட்ட காட்டுப் பிராணிகளை வீட்டில் வைத்து வளர்த்து விடுகிறவர், மாசத்துக்கு இரண்டு தடவை ஏர்போர்ட்டுக்கு என் வண்டியில்தான் போவார். ஒருநாள் விமானம் தாமதம் என்று கேப்பில் இறங்கி, என்னைப் பாறைமேல் கூட்டிக்கொண்டு போனார். ஒரு இடுக்குப் பக்கம் பாறையைத் தொட்டுப் பார் என்றார். தொட்டேன். நம் வீட்டு ஆட்டுக்கல் குழவி இருக்குமே, நாலு தலைமுறை கை பட்ட குழவி, அந்த வழவழப்பு. அதே கல்லின் மறுபக்கம் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. வாலபிகள் தினம் தினம் ஒரே தடத்தில் போய் வந்து போய் வந்து, குவார்ட்சைட் பாறை, அதை மெருகேற்றி வைத்திருக்கின்றன. அந்தக் கல் ஏறக்குறைய 80 கோடி வருஷத்துப் பழசு என்கிறார்கள். எத்தனை நூறு வருஷம் எத்தனை காலடி பட்டிருந்தால் அப்படி ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். பாலைவனத்தில் எத்தனையோ குன்றுகளில் இந்த வழவழப்பு அப்படியே இருக்கிறதாம், குகைக்குள் காய்ந்த புழுக்கைகூட இருக்கிறதாம். வாலபிதான் இல்லை.

சரி, 2010க்கு வருகிறேன். ஆகஸ்ட் மாசம். நீ பன்னிரண்டாம் வகுப்பு, ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருந்தாய். நான் ஒரு சவாரியை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தேன், இன்னும் விடியவில்லை, கருக்கல். கேப்புக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டோரம் ஏதோ கிடந்தது. கிட்டப் போனதும் வாலைப் பார்த்துவிட்டேன். வண்டியை நிறுத்தி டார்ச் அடித்தால் இடது காதில் கிழிசல்.

உடம்பு இன்னும் சூடாக இருந்தது. ரத்தம்கூட இல்லை, எந்த வண்டி தட்டியதோ. நாலடி தள்ளி ஒரு ரொட்டித் துண்டு கிடந்தது அம்மணி. அது நான் போட்டதா வேறு யாராவது போட்டதா என்று இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் நான் அங்கே போட்டிருந்தேன் என்பது மட்டும் தெரியும். பாறைக்குப் போக சோம்பல்பட்டு, ரோட்டுப் பக்கம் வண்டியிலிருந்தே வீசியிருந்தேன்.

அந்த அம்மாவுக்கு போன் செய்தேன். அரைமணி நேரத்தில் ஒரு துணிப்பையோடு வந்துவிட்டார். குனிந்து உட்கார்ந்து பையை, கிழிகாதியின் வயிற்றுப் பையைச் சொல்கிறேன், இரண்டு விரலால் மெல்ல விரித்து டார்ச் அடித்தார். குட்டி இல்லை. அப்பாடா என்றேன் நான். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே நாலு காம்பு. மூன்று மிளகு அளவுக்கு இருந்தன, ஒன்று மட்டும் விரல் நீளத்துக்கு நீண்டு துவண்டு கிடந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டுப் பால்.

அப்படி ஒரு காம்பு நீண்டிருந்தால் என்ன அர்த்தம் என்றால், குட்டி பையைவிட்டு இறங்கிவிட்டது, ஆனால் இன்னும் பால் குடியை விடவில்லை. மற்ற கங்காருக் குட்டிகள் இறங்கின பிறகு தாயின் பின்னாலேயே ஓடும். பாறை வாலபி அப்படிக் கூட்டிக்கொண்டு திரியாது. ஆறேழு மாசம் பையில் சுமந்து இறக்கிவிட்ட புதிதில், குட்டியை ஒரு பாறை இடுக்கில் உட்கார வைத்துவிட்டுத் தாய் மட்டும் மேயப் போகும், அப்பப்போ வந்து பால் கொடுக்கும். குட்டியும் சத்தம் போடாது, அசையாது. அப்படி இருந்தால்தான் கழுகுக்கும் நரிக்கும் தப்பிக்கும். அதாவது நாங்கள் இரண்டு பேரும் ரோட்டோரம் நிற்கிறோம், எங்கள் தலைக்கு மேலே அந்தப் பாறைக் குவியலில் எங்கேயோ ஒன்று அம்மா வரும் என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

பத்து மணிவரை தேடினோம். ஆயிரம் இடுக்கு, அதில் எந்த இடுக்கு? கையை விடும் அகலம்கூட இல்லாதவை பாதி. அன்றைக்கு சாயங்காலமும் போனேன், அடுத்த இரண்டு நாளும் போனேன். நீ எங்கேப்பா போயிருந்தீங்க என்று கேட்டாய், சவாரி என்றேன். கண்டுபிடிக்கவில்லை. பால் இல்லாமல் அது எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

பரீட்சை முடியட்டும் என்று உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். அப்புறம் நீ மெல்பர்னுக்குப் படிக்கப் போய்விட்டாய். அப்புறம் எப்போது சொல்வது? லீவுக்கு வந்தபோது கிழிகாதி எங்கே என்று கேட்டாய், வயசாகிவிட்டிருக்கும் என்றேன். பொய்.

ஊட்டினால் என்ன, ரோட்டில் போடாமல் பாறைமேலேயே போடலாமே என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். அதுவும் கெடுதல்தான். ரொட்டி பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். அவை புல்லையும் இலையையும் அரைக்கப் பிறந்த வாய். ஈறில் புண்ணாகி, புண் வழியாகக் கிருமி உள்ளே போய்த் தாடை எலும்பே வீங்கிப் புழுத்துவிடும். தாடை வீங்கிய ஒன்றை நானே பார்த்திருக்கிறேன், எச்சில் ஒழுக, பசியோடு புல் முன்னால் உட்கார்ந்து தின்ன முடியாமல் இருந்தது. நான் அதை முதுமை என்று நினைத்துக்கொண்டு இன்னும் மெத்தென்ற ரொட்டியாகப் பார்த்துப் போட்டேன். ஒரே இடத்தில் கூட்டமாக வந்து தின்றால் ஒன்றின் கிருமி இன்னொன்றுக்கும் வரும். கூட்டம் சேரும் இடம் பூனைக்கும் நரிக்கும் தெரிந்துவிடும்.

நரி என்றதும் நம்மூர் குள்ளநரியை நினைக்காதே. இது செந்நரி. வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் வேட்டையாடி விளையாடுவதற்கென்றே கப்பலில் கொண்டுவந்து விட்டது. கழுகையும் டிங்கோ என்ற இந்த ஊர்க் காட்டுநாயையும் வாலபிக்குத் தெரியும், எத்தனையோ ஆயிரம் வருஷப் பழக்கம். நரி புதுசு. மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே கருங்கல் குன்றுகள் தீவு மாதிரி நிற்கும். 1980களில் ஜாக் கின்னியர் என்ற விஞ்ஞானி அங்கே ஒரு காரியம் செய்தார். இரண்டு குன்றுகளில் நரிக்கு விஷத்தீனி வைத்தார், மற்றவற்றை அப்படியே விட்டார். நாலு வருஷத்தில் விஷம் வைத்த குன்றுகளில் வாலபி இரட்டிப்புக்கு மேல் பெருகிவிட்டது. அதுவரை வாலபி குறைந்துபோனதற்கு வறட்சி, நோய், மேய்ச்சல் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நரி போனதும் வாலபிகள் பாறையைவிட்டு எட்டப் போய் மேயவும் ஆரம்பித்தன. அதுவரை அவை பாறையைக் கட்டிக்கொண்டு கிடந்தது பாறை மேலே இருந்த பிரியத்தில் மட்டும் இல்லை, பயத்தில். அந்த விஷமும் வேடிக்கையானது. 1080 என்று நம்பரே பேர். அதே விஷம் அந்தப் பக்கத்துச் செடிகளில் இயற்கையாகவே இருக்கிறது, அதனால் அங்கத்து மிருகங்கள் தாங்கிக்கொள்ளும், வெளியூரிலிருந்து வந்த நரி செத்துவிடும். மாப்பிள்ளை கெமிஸ்ட்ரி படித்தவர்தானே, கேட்டுப்பார், இன்னும் விளக்கமாகச் சொல்வார்.

இதில் எனக்கு ஒரு தனி வருத்தம் உண்டு, சொன்னால் சிரிப்பாய். நாம் வந்த புதிதில் டவுனைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஒரு புல், நுனியில் பஞ்சு மாதிரி கதிர். வண்டியை நிறுத்தி இறங்கிக் கதிரை உருவி மோந்து பார்த்தேன். கொழுக்கட்டைப் புல்! நம் கொறங்காட்டுப் புல்லேதான். உன் அப்பாரு கிளுவை வேலி போட்டு, நடுவில் வெள்வேல மரம் விட்டு, மாட்டைப் பட்டி மாற்றி மாற்றி மேய்த்தாரே, அந்தப் புல். அன்றைக்கு ராத்திரி உன் அம்மாவிடம் இந்த ஊர் நமக்கு ஒத்துவரும் என்று சொன்னேன், புல்லைப் பார்த்துவிட்டு! இங்கே அதற்குப் பேர் பஃபெல். ஒட்டகக்காரர்களின் சேணத்துக்குள் அடைத்திருந்த புல்லோடு முதலில் வந்ததாகச் சொல்வார்கள். பிறகு மாட்டுக்கென்றும், புழுதி பறக்காமல் இருக்கவென்றும் இவர்களே விதைத்தார்கள்.

ஊரில் அதை மாடு மேய்ந்துவிடும், காடு சுத்தமாக இருக்கும். இங்கே மலையடிவாரம் முழுக்க இடுப்புயரம் வளர்ந்து காய்ந்து நிற்கும். ஒரு மின்னல், ஒரு சிகரெட் போதும். முன்பெல்லாம் பாறைக்குக் கீழே திட்டுத்திட்டாகப் புல், நடுவில் வெறும் மண், தீ வந்தாலும் அங்கங்கே அணைந்துவிடும். இப்போது நேராகப் பாறைவரை வந்து ஏறுகிறது. பாறை இடுக்கில் ஓர் அத்தி மரம் வளரும், வேர் கல்லைக் கவ்விக்கொண்டு கீழே இறங்கும், நம் கோயில் சுவரில் அரசு முளைத்த மாதிரி. வாலபிக்கு அதன் பழம், இலை, நிழல் மூன்றும் வேண்டும். அரண்டா மக்களுக்கும் அது முக்கியமான மரம். அதைத் தீ சுட்டுவிடுகிறது. புல் இல்லாத பூமியில் முளைத்த சின்னச் செடிகொடிகளையும் கொழுக்கட்டைப்புல் அமுக்கிவிட்டது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2015லேயே அதைக் களை என்று அறிவித்துவிட்டார்கள், இங்கே 2024ல்தான் அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது சொந்தக்காரன் பேர் பேப்பரில் வந்த மாதிரி இருந்தது எனக்கு. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் களை பிடுங்கப் போகிறவர்களோடு நானும் போகிறேன். தூரைப் பிடித்துக் கடப்பாரையால் நெம்புவதில் என்னை அடிக்க ஆளில்லை, அதன் குணம் எனக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம்.

எழுத எழுத நீண்டுகொண்டே போகிறது. ஆனால் பேரனுக்குச் சொல்ல ரொட்டியைவிட நல்ல கதை ஒன்று இருக்கிறது, அதை எழுதாமல் விடமாட்டேன். இங்கிருந்து தென்மேற்கே எல்லை தாண்டினால் பிட்ஜன்ஜாரா மக்களின் நிலம். அவர்கள் இதே வாலபியை வாரு என்பார்கள். ஒரு காலத்தில் எல்லாக் குன்றிலும் இருந்த வாரு, 2007 வாக்கில் அந்தப் பக்கம் மொத்தமே சுமார் 200தான் மிச்சம். வளர்ந்ததைப் பிடித்துக்கொண்டு போய்க் கூண்டில் அடைத்தால் இருக்கிற கூட்டமும் குறைந்துவிடும். அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? தாயின் பையிலிருந்த சின்னக் குட்டியை மட்டும் காம்பிலிருந்து மெதுவாக எடுத்து, விமானத்தில் அடிலெய்டு பக்கம் மொனார்ட்டோவில் உள்ள மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மஞ்சள்கால் பாறை வாலபி என்று வேறு இனம், அதன் பையில் வைத்து, அதன் காம்பை இதன் வாயில் பொருத்திவிட்டார்கள். செவிலித்தாய் தன் குட்டி என்று நினைத்து வளர்த்தது.

பெற்றவள் கதி? அதுதான் எனக்கு வாயடைத்துப் போனது. இந்த இனத்தில் தாய் ஒரு குட்டியைப் பையில் வைத்திருக்கும்போதே இன்னொரு கரு வயிற்றில் தங்கிவிடும், ஆனால் வளராது. புள்ளி அளவில் அப்படியே காத்திருக்கும். பையிலிருக்கும் குட்டி பால் குடிப்பது நின்றதும் அந்தக் கருவுக்கு உத்தரவு போன மாதிரி வளர ஆரம்பிக்கும், ஒரு மாசத்தில் புதுக்குட்டி பிறந்து பையில் ஏறிவிடும். அதனால் குட்டியைக் கொடுத்தவள் மடி வெகுநாள் காலியாக இருப்பதில்லை. சிலநேரம் ஒரு குட்டி வெளியே இருந்து தலையை விட்டுக் குடிக்கும், இன்னொன்று பைக்குள் வேறு காம்பில் தொங்கும், இரண்டு காம்பிலும் வேறு வேறு பால் சுரக்கும். உன் அம்மா பிரசவ வார்டிலும் வேலை பார்த்தவள், அவளே இதைக் கேட்டுவிட்டு "நிஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அப்படி வளர்ந்தவற்றை மறுபடி சொந்த மண்ணுக்கே கொண்டுவந்து, புக்காஜா பக்கம் சுமார் 100 ஹெக்டேருக்கு நரியும் பூனையும் நுழைய முடியாத வேலி போட்டு உள்ளே விட்டார்கள். காட்டுத்தீனி தின்னப் பழகின பிறகு பழைய குன்றுகளில் இறக்கினார்கள். அந்த வேலையில் பெரும்பங்கு அந்த ஊர்ப் பெண்கள்தான். தடம் பார்ப்பது, புழுக்கை பொறுக்கி எண்ணுவது, புதுசா பழசா என்று உடைத்துப் பார்ப்பது எல்லாம் அவர்கள்தான். அங்கே வாலபி நேரில் கண்ணில் படுவதே அபூர்வம், அதனால் எத்தனை இருக்கிறது என்பதற்குப் புழுக்கைதான் சாட்சி. பேரனுக்கு இந்த இடம் கண்டிப்பாகப் பிடிக்கும், புழுக்கை என்றாலே சிரிக்கிற வயசு.

இன்னொன்று. பாறை வாலபிகளில் பெட்டைக்குட்டி வளர்ந்ததும் தாய் இருக்கும் பாறைக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும், கடா மட்டும்தான் வேறு குன்று தேடிப் போகுமாம். இதை வைத்து உனக்கு ஜாடையாக ஏதோ சொல்கிறேன் என்று நினைக்காதே, உன் அம்மா சொல்லச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

சரி, ஜூலைக்கு வருவோம். ரொட்டி இல்லாவிட்டால் பையன் ஏமாந்துபோவான் என்று பயப்படாதே, நான் திட்டம் போட்டுவிட்டேன். ஹெவிட்ரீ கேப் வேண்டாம், அந்த ரோட்டோரம் நிற்க இன்னும் எனக்கு மனசு வரவில்லை. சிம்ப்சன்ஸ் கேப் போகலாம், டவுனிலிருந்து மேற்கே 20 நிமிஷம்தான். ரோ ஓடையின் மணலில் நடந்து உள்ளே போனால் இரண்டு பக்கமும் சிவப்புச் சுவர், நடுவில் வற்றாத தண்ணீர், பக்கத்தில் உருண்டு கிடக்கும் பாறைக் குவியல். அதில்தான் இருக்கும். ஜூலையில் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும், விடிய 7 மணிக்கு மேல் ஆகும். வெயில் மேல்பாறையில் பட்டுக் கீழே இறங்கும் நேரம்தான் கணக்கு. ஒவ்வொன்றாக இடுக்கிலிருந்து வெளியே வந்து, வெயில் விழும் கல்லில் உட்காரும், வாலை இரண்டு காலுக்கும் நடுவில் முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, நெஞ்சைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு. நம்மூரில் மார்கழிக் காலையில் திண்ணையில் கிழவர்கள் உட்காருவார்களே, அதே தோரணை. அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரம் பார்க்கலாம். முதலில் ஒன்றுமே தெரியாது, எல்லாம் கல்லாகத்தான் தெரியும். அப்புறம் ஒரு கல் காதைத் திருப்பும்.

அவனை அதை எண்ணச் சொல்லப் போகிறேன். யார் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்று அப்புச்சிக்கும் பேரனுக்கும் பந்தயம். என் சாதனை ஒன்பது, போன மாசம். என் பழைய பைனாகுலரின் வாரை மாற்றி அவன் கழுத்துக்குச் சரியாக வைத்திருக்கிறேன்.

கிழிகாதி கதையை அவனுக்கு இப்போது சொல்ல வேண்டாம். உனக்கு மட்டும்தான். கோபம் வந்தால் போன் செய்து திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ரொட்டி டப்பாவை என்ன செய்வது என்று கேட்டால், நெய்யில் வறுத்து வெல்லப்பாகு ஊற்றிக் கொடு, அவனே தின்றுவிடுவான். வரும்போது கனமான ஸ்வெட்டர், காது மூடும் குல்லா, கையுறை மூன்றும் அவனுக்கு மறக்காமல் எடுத்து வா. மெல்பர்ன் குளிர் என்று நினைத்துக்கொண்டு மெல்லிசாகக் கொண்டுவராதே, இது வேறு குளிர். அம்மச்சி சுக்குக்காப்பி போட்டு ஃப்ளாஸ்கில் தருவாள். காலையில் ஆறே முக்காலுக்கு வண்டி கிளம்பிவிடும், மாப்பிள்ளை எழுந்தாலும் சரி எழாவிட்டாலும் சரி.

உன் அம்மா வரும் நேரமாயிற்று, வாசலில் லைட் போட வேண்டும்.

அப்பா